எடின்பரோவில் கைடோடு நடக்க: முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் முதல் நாள் நான் கைடு இல்லாமல்தான் நடந்தேன். கோட்டை வாசலில் தொடங்கி, ராயல் மைல் என்னும் அந்த நீளத் தெருவில் இறங்கி, ஹோலிரூட் அரண்மனைக்கு முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன். வழியில் கம்பளிக் கடைகள், பேக்பைப் ஊதும் ஒருவர், ஒரு பெரிய தேவாலயம். ஊரைப் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு கைடு அம்மாவோடு அதே தெருவில் இறங்கினேன். இரண்டு மணி நேரம் ஆகியும் பாதித் தெருவைத் தாண்டவில்லை. முதல் நாள் நான் தெருவோடு போனேன். அவர் என்னை முடுக்கு முடுக்காக, அதாவது குறுகலான சந்து சந்தாக, உள்ளே அழைத்துப் போனார்.

இந்த ஊரில் கைடு எதற்கு என்று கேட்டால் என் பதில் அதுதான். எடின்பரோ முடுக்குகளில் இருக்கிறது. எந்த முடுக்குக்குள் நுழைய வேண்டும், அங்கே எங்கே நின்று எதை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் கூட வந்தால் ஊர் திறக்கும்.

படி 1: போவதற்கு முன் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

மீன் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். தலை இருக்கும் இடத்தில் கோட்டை. அது நிற்கும் பாறை, சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறிய ஓர் எரிமலையின் குழாயில் உறைந்துபோன கல். பனியுகத்தில் மேற்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளங்களால் அந்தப் பாறையைத் தேய்க்க முடியவில்லை. அதன் பின்பக்கம் ஒதுங்கிய மண்ணும் கல்லும் அப்படியே தங்கி, கிழக்கே வால் போலச் சரிந்தன. அந்த வாலின் முதுகில் ஓடுவதுதான் ராயல் மைல். பழைய ஸ்காட்டிஷ் மைல் கணக்கில் ஒரு மைல்; நம் கணக்கில் சுமார் 1.8 கிலோமீட்டர். இருபக்கமும் முள் முள்ளாகக் கீழிறங்கும் சந்துகளை அங்கே குளோஸ் என்பார்கள், கொஞ்சம் அகலமானால் வைண்ட். திருநெல்வேலிக்காரர்கள் முடுக்கு என்று சொல்வதற்கு அச்சு அசல்.

ஏன் இவ்வளவு நெருக்கம்? 1513இல் ஃப்ளாடன் போரில் ஸ்காட்லாந்து தோற்றது, மன்னர் நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே இறந்தார். இங்கிலாந்துப் படை வந்துவிடும் என்ற பயத்தில் ஊரைச் சுற்றி மதிலை நீட்டிக் கட்டினார்கள். அதன் பிறகு மக்கள் பெருகினார்கள், மதில் நகரவில்லை. வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. சரிவுப் பக்கத்திலிருந்து எண்ணினால் சில கட்டடங்கள் 10 மாடிக்கும் மேல். வசதியானவர்கள் நடுமாடிகளில் இருந்தார்கள். ஏழைகள் நாற்றம் பிடித்த அடியிலும், மூச்சு வாங்க ஏற வேண்டிய உச்சியிலும். கழிவுநீரைச் சன்னல் வழியே கொட்டும்போது 'கார்டிலூ' என்று ஒரு கூவல், அவ்வளவுதான் எச்சரிக்கை.

இன்னொரு சின்ன விஷயம் தெரிந்தால் கைடு சொல்வது பாதி குழப்பமில்லாமல் புரியும். இந்த ஊரின் பழைய பெயர்களில் 'கேட்' என்றால் வாசல் இல்லை, தெரு. 'போர்ட்' என்றால் துறைமுகம் இல்லை, வாசல். ராயல் மைலின் கீழ்ப்பகுதியான கேனன்கேட், ஹோலிரூட் மடத்துத் துறவிகள் நடந்த தெரு. கௌகேட், மாடு ஓட்டிப்போன தெரு. நெதர்போ போர்ட், ஊர் மதிலின் கீழ்முனை வாசல். 'கர்க்' தேவாலயம், 'லேண்ட்' மாடிக் குடியிருப்பு.

படி 2: எந்த நடை என்று முடிவு செய்யுங்கள்

எடின்பரோவில் நடைப் பயணங்களுக்குக் குறைவே இல்லை. ராயல் மைலின் நடுப்பகுதியான ஹை ஸ்ட்ரீட்டில் நின்றால் பத்தடிக்கு ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வகை தெரிந்தால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

பழைய நகர வரலாற்று நடை: இரண்டு மணி நேரம் வரை போகும். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான். வேறு எதையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

நிலத்தடி நடை: இதைத் தனியாகப் பார்க்கவே முடியாது, கைடோடுதான் விடுவார்கள். கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

இரவுப் பேய் நடை: இதைப் பற்றி என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. பயமுறுத்துவதில் தவறில்லை. ஆனால் அந்த இருட்டில் வாழ்ந்தவர்கள் உண்மையான ஏழைகள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், மூலையிலிருந்து ஒருவரைப் பாயவிட்டு அலற வைப்பது மட்டும் போதும் என்று நினைக்கும் நடையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வரலாறு சொல்லிப் பயமுறுத்துகிற நல்ல கைடுகள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள்.

ஹாரி பாட்டர் என்ற மந்திரவாதிச் சிறுவன் கதையைத் தேடிப் போகும் நடைகளும் உண்டு. குழந்தைகள் கூட இருந்தால் போகலாம். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

தனி கைடு: நாலைந்து பேர் குடும்பமாகப் போனால் செலவு கட்டுப்படியாகும். ஸ்காட்டிஷ் டூரிஸ்ட் கைட்ஸ் அசோசியேஷன் தேர்வு வைத்துத் தகுதி தரும் அமைப்பு. நீல பேட்ஜ் உள்ளவர் ஸ்காட்லாந்து முழுவதற்கும் தேறியவர், பச்சை பேட்ஜ் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்கு. வயதான பெற்றோரோடு போகிறவர்கள் தயங்காமல் இதையே எடுங்கள். படிக்கட்டைத் தவிர்த்துப் பாதையை மாற்றச் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

பிறகு கட்டணமில்லா நடை. பெயர்தான் 'இலவசம்'. முடிவில் டிப்ஸ் கொடுப்பதுதான் முறை. கைடின் அன்றைய வருமானம் பெரும்பாலும் அதுவே. பிடித்திருந்தால் ஒருவருக்கு 10 பவுண்டாவது கொடுங்கள். நல்ல கைடுகள் இதிலும் நிறைய. ஒரே சிக்கல் கூட்டம். நான் ஒருமுறை நாற்பது பேர் கொண்ட குழுவில் மாட்டிக்கொண்டேன். கைடு ஒரு முடுக்குக்குள்கூட நுழையவில்லை. நுழைந்தால் பாதிப் பேர் வெளியில்தானே நிற்க வேண்டும்? அன்று பெரிய தெருவிலேயே எல்லாக் கதையையும் கேட்டு முடித்தோம். அதிலிருந்து நான் பதிவு செய்யும் முன் கேட்கிற முதல் கேள்வி, ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பது. இருபதுக்கு மேல் என்றால் வேறு பார்க்கிறேன்.

படி 3: நாளும் நேரமும்

ஊருக்குப் போன முதல் நாளோ இரண்டாம் நாளோ நடந்துவிடுங்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால், கைடு காட்டிய இடத்துக்கு மறுபடி போக நேரமிருக்காது.

காலை 10 மணி நடை நல்லது. தெருவில் கூட்டம் சேர்வதற்குள் கைடின் குரல் காதில் விழும். ஆகஸ்ட் வேறு கதை. 1947இல் தொடங்கிய கலை விழாக்கள் நடக்கும் மாதம் அது. ஹை ஸ்ட்ரீட் முழுக்க வித்தைக்காரர்களும் நோட்டீஸ் கொடுப்பவர்களும். விழாவுக்காகப் போகிறவர்கள் போகட்டும். வரலாறு கேட்க விரும்புகிறவர்களுக்கு மே, ஜூன், செப்டம்பர்தான் சரி. டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும், ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்திருக்கும். பேய் நடைக்கு மட்டும் குளிர்காலமே பொருத்தம்.

மதியம் ஒரு மணிக்கு நீங்கள் எங்கே இருந்தாலும் ஒரு வெடிச் சத்தம் கேட்கும். திடுக்கிட வேண்டாம். கோட்டையில் சுடும் பீரங்கி அது. லீத் துறைமுகத்துக் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள, 1852 முதல் கால்டன் குன்றில் ஒரு கம்பத்திலிருந்து பெரிய பந்து ஒன்றைச் சரியாக ஒரு மணிக்குக் கீழே விடுவார்கள். கடல் மூடுபனி வந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாதே? அதனால் 1861இல் பீரங்கியையும் சேர்த்தார்கள். ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் நாட்களில் சுடமாட்டார்கள்.

படி 4: காலுக்கும் உடம்புக்கும்

தெருவெல்லாம் கல் பாவியது. மழை பெய்தால் வழுக்கும். பழகிய, பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். புது ஷூவும் செருப்பும் வேண்டாம். குடை கொண்டுபோகிறவர்கள் முதல் திருப்பத்திலேயே வருத்தப்படுவார்கள், முடுக்குகளில் காற்று குழாயில் வருவது போல வரும். தலையை மூடும் மழைக்கோட்டுதான் உதவும். கோடையிலும் உள்ளே ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

மூட்டு வலி உள்ளவர்கள் கவனிக்க: ராயல் மைலைக் கோட்டையிலிருந்து அரண்மனை நோக்கி நடந்தால் முழுவதும் இறக்கம். எதிர்த்திசையில் நடந்தால் முழுவதும் ஏற்றம். வேவர்லி ரயில் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் பல வழி. கால் நன்றாக இருந்தால் ஸ்காட்ஸ்மன் படிக்கட்டில் ஏறுங்கள். மொத்தம் 104 படிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு சலவைக்கல். 2011இல் ஒரு கலைஞர் அப்படி மாற்றி அமைத்தார். பச்சை, ரோஜா நிறம், கறுப்பில் வெள்ளைக் கீற்று என்று ஒவ்வொரு படியையும் குனிந்து பார்த்துக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்குவது தெரியாது.

கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள், வழியில் தேட வேண்டிவரும். சேம்பர்ஸ் ஸ்ட்ரீட்டிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. மழைக்கு ஒதுங்கவும் அதுவே நல்ல இடம்.

படி 5: நடக்கும் அன்று எதைக் கவனிப்பது

கைடுக்குக் கைடு பாதை மாறினாலும் சில இடங்களைத் தொடாமல் போகமாட்டார்கள். அவர் பேசி முடித்ததும் அடுத்த இடத்துக்கு ஓடாமல், அரை நிமிடம் பின்தங்கி நின்று பாருங்கள்.

கோட்டை முற்றத்தருகே சுவரில் ஒரு சிறிய வார்ப்பு நீரூற்று. 1894இல் வைத்தது. சூனியக்காரிகள் என்று சொல்லி அங்கே எரித்தவர்களின் நினைவாக. சூனியத்துக்கு எதிரான சட்டம் ஸ்காட்லாந்தில் 1563இலிருந்து 1736 வரை இருந்தது. இதைக் காட்டாமல் கோட்டையின் அழகை மட்டும் பேசும் கைடிடம் நீங்களே கேளுங்கள்.

சில அடி தள்ளி, உச்சியில் வெள்ளைக் கூண்டு வைத்த ஒரு கோபுரம். இன்று அது விளையாட்டுக் கண்ணாடிகளும், வெளிக் காட்சியை இருட்டறைக்குள் படமாக விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூராவும் இருக்கும் காட்சியகம். 1892இல் இதை எடுத்து நடத்தியவர் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர். திருமணமான புதிதில் மனைவி ஆன்னாவோடு பக்கத்து ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேறியவர். அப்போது அது பாழடைந்த ஏழைக் குடியிருப்பு. மொத்தமாக இடித்துத் தள்ளாமல், கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, முற்றத்துக்கு வெளிச்சம் விட்டுச் சரிசெய்ய முடியும் என்று செய்து காட்டினார். 1914இல் சென்னைக்கு வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சியின் படங்களும் வரைபடங்களும் கிளான் கிராண்ட் என்ற கப்பலில் பின்னால் வந்தன. அந்தக் கப்பலை மூழ்கடித்தது யார் தெரியுமா? சென்னை மேல் குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன். நண்பர்கள் மறுபடி படங்களைத் திரட்டி அனுப்பிவைக்க, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் உள்ளிட்ட ஊர்களைப் பார்த்து அறிக்கையும் எழுதினார். அவர் வெள்ளையடித்த முற்றத்தில் நிற்கும்போது எனக்கு மதுரை நினைவு வந்ததற்கு இதுதான் காரணம்.

செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் உச்சி கிரீடம் போல இருக்கும். உள்ளே திஸில் சேப்பல் என்ற சிறு வழிபாட்டு அறையில் பேக்பைப் ஊதும் தேவதை ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள், தேடிக் கண்டுபிடியுங்கள். வெளியே தரையில் இதய வடிவில் கல் பதித்திருக்கும். 1817இல் இடித்த பழைய சிறைச்சாலை இருந்த இடம் அது. உள்ளூர்க்காரர்கள் அதன் மேல் துப்புவது வழக்கம். எனவே அங்கே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தெருவில் இன்னும் இறங்கினால் பெய்ஸ்லி குளோஸ். நுழைவாயிலுக்கு மேலே ஒரு சிறுவனின் முகத்தைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், சுற்றிலும் எழுத்து. 1861 நவம்பரில் இங்கிருந்த பழைய மாடிக் குடியிருப்பு நள்ளிரவில் இடிந்து விழுந்தது, 35 பேர் இறந்தார்கள். மீட்புக்காரர்கள் நம்பிக்கை இழந்த நேரத்தில் இடிபாட்டுக்கு அடியிலிருந்து ஒரு பையனின் குரல்: "இழுங்கப்பா, நான் இன்னும் சாகலை!" அந்த வாக்கியத்தைத்தான் அவன் பேசிய ஸ்காட்ஸ் மொழியிலேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். முதல் நாள் நான் இதற்கு அடியில் நடந்துபோயிருக்கிறேன், தலை நிமிரவில்லை.

படி 6: நிலத்துக்கு அடியில்

இரண்டு இடங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

மேரி கிங்ஸ் குளோஸ் ஒரு முழு முடுக்கு. 1753இல் அதன் மேல் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைக் கட்டத் தொடங்கினார்கள். மேல்மாடிகளை இடித்துவிட்டுக் கீழ்மாடிகளை அஸ்திவாரமாக வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் வீடும் சரிவான தெருவும் அப்படியே பூமிக்குள் இருக்கின்றன. 1645இல் பிளேக் வந்தபோது நோயாளிகளை உயிரோடு உள்ளே வைத்துச் சுவர் எழுப்பி மூடினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மை இல்லை. ஒரு கைடு நல்லவரா என்று தெரிந்துகொள்ள இதை உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம். கதையைச் சொல்லிவிட்டு, "ஆனால் இப்படி நடக்கவில்லை" என்று சேர்த்துச் சொல்பவரை நம்பலாம்.

இன்னொன்று சவுத் பிரிட்ஜின் அடியறைகள். 1788இல் திறந்த அந்தப் பாலத்துக்கு 19 வளைவுகள். இன்று கௌகேட்டுக்கு மேலே நிற்கும் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். மற்றவற்றை இருபக்கக் கட்டடங்கள் மறைத்துவிட்டன. வளைவுகளுக்குள் அறைகள் அமைத்து வியாபாரிகளுக்கு விட்டார்கள். தண்ணீர் ஒழுகியதால் அவர்கள் கிளம்பினார்கள், போக்கிடம் இல்லாதவர்கள் குடிவந்தார்கள். பிறகு மூடி மறந்துபோய், 1980களில்தான் மீண்டும் தோண்டித் திறந்தார்கள். உள்ளே போனதும் கையைச் சுவரில் வையுங்கள், ஈரமாக இருக்கும். விளக்கை அணைத்து கைடு ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். குடும்பங்கள் படுத்துறங்கிய அறை அது.

மூச்சுத்திணறல் உள்ளவர்களும் இருட்டும் நெருக்கமும் ஆகாதவர்களும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு வயது வரம்பு இருக்கும், பதிவு செய்யும்போதே பாருங்கள்.

படி 7: கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில்

வாசலருகே ஒரு சின்ன நாயின் சிலை. பாபி என்ற அந்த நாய், 1872இல் இறக்கும் வரை 14 ஆண்டுகள் எஜமானரின் கல்லறையை விட்டுப் போகவில்லை என்பார்கள். மூக்கைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட, இப்போது மூக்கின் கறுப்பு தேய்ந்து பளபளக்கிறது. பழைய வழக்கம் ஒன்றும் இல்லை அது. ஊர்க்காரர்களுக்கு அது பிடிப்பதில்லை. தடவாதீர்கள்.

உள்ளே சில கல்லறைகள் மேல் இரும்புக் கூண்டு இருக்கும். மருத்துவப் பள்ளிகளுக்கு விற்கப் பிணத்தைத் திருடிய காலத்தில், செத்தவரைக் காக்கப் போட்டது. இங்கே பர்க், ஹேர் இருவரின் கதையைச் சொல்லாத கைடு இல்லை. ஆனால் பலர் அவர்களைக் கல்லறைத் திருடர்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் ஒரு கல்லறையையும் தோண்டவில்லை. தங்களிடம் தங்க வந்த ஏழைகளையும் தனியாகச் சுற்றியவர்களையும், 16 பேரைக் கொன்று, டாக்டர் ராபர்ட் நாக்ஸ் என்பவரிடம் விற்றார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். பர்க்கை 1829 ஜனவரியில் தூக்கிலிட்டார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழக உடற்கூறு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1638இல் தேசிய உடன்படிக்கையில் மக்கள் கையெழுத்திடத் தொடங்கியதும் இந்தத் தேவாலயத்தில்தான். மன்னர் தங்கள் வழிபாட்டில் தலையிடக் கூடாது என்ற அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1679இல் நூற்றுக்கணக்கானவர்களை இந்தத் தோட்டத்தை ஒட்டியே திறந்தவெளியில் சிறை வைத்தார்கள். பேய்க்கதை கேட்டுச் சிரித்துக்கொண்டு வருகிற கூட்டம் அந்தச் சிறையின் பூட்டிய கதவருகே வரும்போது, நல்ல கைடு குரலைத் தாழ்த்துவார்.

படி 8: கேள்வி, காசு, சாப்பாடு

கேள்வி கேளுங்கள். ஸ்காட்டிஷ் உச்சரிப்பு புரியவில்லை என்றால் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நடை முடிந்ததும் கைடிடம் நான் தவறாமல் கேட்பது: "உங்களுக்குப் பிடித்த முடுக்கு எது?" அப்படித்தான் எனக்கு டன்பார்ஸ் குளோஸ் தெரியவந்தது. கேனன்கேட்டில் ஓர் இருண்ட நுழைவு. உள்ளே போனால் 17ஆம் நூற்றாண்டுப் பாணியில் வெட்டிவிட்ட செடிகளோடு ஒரு தோட்டம். தெருச் சத்தம் அங்கே வராது.

ஸ்காட்லாந்து வங்கிகள் தனி நோட்டு அச்சிடுகின்றன. பவுண்டுதான், மதிப்பும் அதேதான். ஆனால் இங்கிலாந்தில் சில கடைக்காரர்கள் தயங்குவார்கள். டிப்ஸ் கொடுக்க அதைச் செலவழித்துவிடுங்கள். சைவர்களுக்கு ஒரு சேதி: ஸ்காட்லாந்தின் பாரம்பரிய உணவான ஹேகிஸில் ஆட்டின் உள்ளுறுப்புகள் இருக்கும், ஆனால் பருப்பும் ஓட்ஸும் சேர்த்துச் செய்த சைவ ஹேகிஸ் பல இடங்களில் கிடைக்கிறது. மிளகுக் காரத்தோடு நன்றாகவே இருக்கும்.

படி 9: மறுநாள் தனியாக

இதைச் செய்யாவிட்டால் கைடுக்குக் கொடுத்த காசில் பாதிதான் உங்களுக்குத் திரும்பியிருக்கிறது. மறுநாள் அதே பாதையில் தனியாக இறங்குங்கள். நேற்று அவசரமாகக் கடந்த முடுக்குகளில் நின்று பாருங்கள். அட்வகேட்ஸ் குளோஸின் மேல்முனையிலிருந்து கீழே பார்த்தால், இரு சுவர்களுக்கு நடுவே ஒல்லியாக, எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் நினைவுச் சின்னம் நிற்கும். அதற்கு அப்பால் நியூ டவுன். ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர் 1767இல் கோடு போட்டு வரைந்த நேர்நேரான தெருக்கள். வசதியானவர்கள் அங்கே குடிபெயர்ந்தபோது இந்த முடுக்குகள் ஏழைகளுக்கு விடப்பட்டன. 1995 முதல் பழைய நகரும் புதிய நகரும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன.

அப்புறம் கேனன்கேட் முழுவதும் இறங்கி, அரண்மனைக்கு முன்னால் ஆபி ஸ்ட்ராண்டில் தரையைப் பாருங்கள். சாலைக் கற்களுக்கு நடுவே பித்தளையில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தைச் சில இடங்களில் பதித்திருப்பார்கள். மடத்துக்குச் சொந்தமான அடைக்கல எல்லை அது. அந்தக் காலத்தில் கடனைக் கட்ட முடியாமல் ஓடி வந்தவன் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் கடன் கொடுத்தவனால் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை யாரையும் கைது செய்யக் கூடாது என்பதால், அன்று மட்டும் வெளியே வந்து வீட்டைப் பார்த்துவிட்டு, நள்ளிரவுக்குள் மறுபடி எல்லைக்கு உள்ளே ஓடிவிடுவார்கள். நான் போனது ஒரு ஞாயிறு மாலை. அந்த எழுத்துகளின் மேல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.